பேட்டரி லேபிளில் இருந்த 12.8

போன மாதம் வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த பழைய ஆசிட் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி வாங்கி வைத்தோம். பழையதை வெளியே கொண்டுபோக இரண்டு பேர் வேண்டியிருந்தது, புதியதை நான் ஒருவனே தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டேன். இனிமேல் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டாம் என்பதில் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. என் கண்ணில் பட்டது லேபிள்தான். பழையதில் 12 வோல்ட் என்று இருந்தது, இதில் 12.8, பக்கத்திலேயே லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்று ஒரு வரி. உள்ளே வரிசையாக நான்கு செல்கள், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், அதனால் 12.8. சரி, அந்த 3.2 எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டே போனால், மதுரையில் படித்து, மதுரையிலேயே பாடமும் நடத்திய ஒரு பேராசிரியரிடம் போய் நிற்கிறது.

அவர் பெயர் ஆறுமுகம் மந்திரம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பேராசிரியர். 1951இல் தென் தமிழ்நாட்டில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தவர். இளங்கலையும் முதுகலையும் மதுரைப் பல்கலைக்கழகத்தில், முனைவர் பட்டம் சென்னை ஐஐடியில், அப்புறம் நான்கு வருடம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1985இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் ஜான் கூடினஃப் குழுவில் சேர்ந்தார். அடுத்த வருடமே, அங்கே ஓய்வு வயது நெருங்கிவிட்டதால் கூடினஃப் டெக்சாஸுக்கு இடம் மாற, இவரும் கூடவே போனார்.

கூடினஃப் பெயரைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் குழு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைக் கண்டுபிடித்தது, அதுதான் பிறகு செல்போன், லேப்டாப் பேட்டரிகளுக்குள் போனது. கிட்டத்தட்ட 4 வோல்ட் கொடுக்கும் அருமையான பொருள், ஆனால் கோபால்ட் விலை அதிகம். இரும்பு எங்கேயும் கிடைக்கும், மலிவு. அப்படியானால் இரும்பை வைத்தே செய்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், சாதாரண இரும்பு ஆக்சைடுக்குள் லித்தியத்தை நுழைத்தால் 2.5 வோல்ட்டுக்கும் கீழேதான் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் மந்திரத்தின் வேலை வருகிறது, நான் நாலைந்து தடவை திரும்பத் திரும்பப் படித்ததும் இதைத்தான். பேட்டரியின் வோல்ட் என்பது, எலக்ட்ரான் எவ்வளவு உயரத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் போய் விழுகிறது என்ற வித்தியாசம். உயரத்தில் லித்தியம் இருக்கிறது. விழுகிற பக்கத்தில் இரும்பின் மட்டம் இன்னும் கீழே இறங்கினால் வோல்ட் கூடும். ஆனால் இரும்பை மாற்றாமல் இரும்பின் மட்டத்தை எப்படி இறக்குவது? அவர் எடுத்துக்கொண்டது இரும்பு மாலிப்டேட், இரும்பு டங்ஸ்டேட், இரும்பு சல்ஃபேட் என்று மூன்று சேர்மங்கள். மூன்றிலும் அதே இரும்புதான், அதைச் சுற்றி அதே ஆறு ஆக்சிஜன்தான். அந்த ஆக்சிஜன்களின் மறுபக்கத்தில் ஒன்றில் மாலிப்டினம், ஒன்றில் டங்ஸ்டன், ஒன்றில் கந்தகம். முதல் இரண்டும் 3.0 வோல்ட் கொடுத்தன, சல்ஃபேட் 3.6 கொடுத்தது.

கந்தகம் ஆக்சிஜனை இறுக்கமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜனுக்கும் இரும்புக்கும் உள்ள பிடி தளர்கிறது, பிடி தளர்ந்தால் இரும்பின் மட்டம் கீழே இறங்குகிறது. இரும்பைத் தொடவே இல்லை, பக்கத்து வீட்டுக்காரரை மட்டும் மாற்றியிருக்கிறார்! 1987, 1989 என்று இரண்டு கட்டுரைகளாக கூடினஃபுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் உயர்வெப்ப மீக்கடத்திகள் என்று இயற்பியல் உலகமே பரபரத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அந்தச் சமயத்தில் இரும்பு சல்ஃபேட்டை எடுத்து நிதானமாக அளந்துகொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு மரியாதை கூடுகிறது.

சல்ஃபேட்டில் ஒரு குறை இருந்தது, பேட்டரிக்குள் அங்குமிங்கும் போய்வர வேண்டிய லித்தியம் ஆரம்பத்தில் அதற்குள் கிடையாது. 1997இல் கூடினஃப் குழுவில் இருந்த வேறு சிலர் அதே வழியில் போய், கந்தகம் இருந்த இடத்தில் பாஸ்பரஸ் உள்ள, லித்தியமும் சேர்ந்தே இருக்கிற இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டுவந்தார்கள். லித்தியத்தோடு ஒப்பிட்டால் அது 3.4 வோல்ட், எதிர்ப்பக்கம் கிராஃபைட் வைத்தால் கொஞ்சம் குறைந்து 3.2. என் லேபிளில் இருக்கிற எண் அதுதான். பாஸ்பரஸ் ஆக்சிஜனை விடாமல் பிடித்திருப்பதால், சூடானாலும் ஆக்சிஜன் லேசில் வெளியேறாது, இந்த பேட்டரி எளிதில் தீப்பிடிக்காது என்று சொல்வதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். மின்சாரத்தைக் கடத்துவதில் மட்டும் பொருள் ரொம்ப மந்தம். அதைப் பொடியாக்கி, மேலே கார்பன் பூசித்தான் வேலை வாங்குகிறார்கள்.

மந்திரம் 1991இல் ஆஸ்டினிலேயே பேராசிரியர் பணியில் சேர்ந்தார். அதற்குப் பிறகு லித்தியம்-கந்தக பேட்டரி, சோடியம் பேட்டரி, கோபால்ட்டே இல்லாமல் நிக்கல் அதிகமாக உள்ள மின்வாய்கள் என்று நிறைய செய்திருக்கிறார். அவற்றில் கோபால்ட்டை ஒழிக்கும் வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காங்கோ சுரங்கங்களில் குழந்தைகள் கோபால்ட் தோண்டும் படங்களைப் பார்த்த பிறகு அது வெறும் விலைக் கணக்காக எனக்குத் தெரியவில்லை.

2019இல் கூடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 97. டிசம்பர் 8ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் அவருடைய நோபல் உரையை அவர் சார்பில் மேடையேறி நிகழ்த்தியவர் மந்திரம். அந்த வீடியோவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாகப் புரியாது, இருந்தும் முழுதாக உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும், "மதுரையில எந்தக் காலேஜுல வாத்தியாரா இருந்தாராம்?" என்று கேட்டார்.