தில்லை ராஜாவின் தர்பார் நேரம்

மார்கழித் திருவாதிரைக்குக் கடலூர் மாவட்டப் பள்ளிகளுக்கு உள்ளூர் விடுமுறை. களியைத் தின்றுவிட்டு கிரிக்கெட் ஆடப் போனவர்கள்தான் நம்மில் அதிகம். இப்போது வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு வரும்போது தில்லை எனப்படும் சிதம்பரம் நடராஜர் கோயில் நினைவுக்கு வருகிறது. கடலூரிலிருந்து 45 கிலோமீட்டர்தானே என்று காலைப் பலகாரம் முடித்து நிதானமாகக் கிளம்பி, உச்சிகாலம் முடிந்து நடை சாத்தியதும் போய் நிற்கிறோம். மறுபடி திறக்க மாலை ஆகிவிடும். அங்கே சாமி ராஜா. அவர் நேரத்துக்குத்தான் நாம் போகவேண்டும்.

ராஜாவுக்குப் பள்ளியறை உண்டு. அர்த்தஜாமத்தில் அவருடைய பாதுகை பல்லக்கேறி அங்கே போகும். காலையில் அதே பல்லக்கில் நடராஜர் சன்னிதியான சித்சபைக்குத் திரும்பும். பகலில் மட்டும் வரமுடிகிறவர்கள் இரண்டாம் கால பூஜையைத் தவறவிடக் கூடாது. பத்து மணிக்கே, சித்சபைக்கு முன்னால் இருக்கும் கனகசபைக்கு நேர் எதிரே இடம் பிடியுங்கள். ஸ்படிக லிங்க அபிஷேகத்தை அடுத்து, மாணிக்கத்தாலான சிறு நடராஜர், ரத்தினசபாபதி, வெளியே வருவார். அபிஷேகம் ஆனதும் முன்னால் கற்பூரம் காட்டுவார்கள், பிறகு பின்னால். அந்தப் பின் தீபத்தில்தான் கல் உள்ளுக்குள் தணல்போல் சிவக்கும். சில விநாடிகள்தான். பக்கவாட்டில் நின்றால் ஒன்றும் தெரியாது. கனகசபை ஏற ஆண்கள் சட்டையைக் கழற்றவேண்டும்.

வருடத்தில் ஆறு மகாபிஷேகம். நான்கு கனகசபையில், ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை இரண்டு மட்டும் ஆயிரங்கால் மண்டபத்தில். அதற்குப் பெயரே ராஜசபை. மற்ற ஊர்களில் உற்சவர்தான் வீதிக்கு வருவார். இங்கே இந்த இரண்டு விழாக்களுக்கும் முதல்நாள் மூலவரே கீழவீதி நிலையிலிருந்து தேரில் புறப்படுகிறார். இரவு ராஜசபையில் தங்கி, விடியுமுன் அபிஷேகம். அன்று காலை ஒன்பதுக்கு வந்திறங்கி, "முடிந்துவிட்டதா?" என்று கேட்பவர்கள் ஏராளம். அபிஷேகம் முடிந்திருக்கும், தரிசனம் முடிந்திருக்காது. பிற்பகலில் சுவாமியும் அம்பாளும் முன்னும் பின்னுமாக ஆடியபடி சித்சபைக்குத் திரும்புவதுதான் தரிசனம். முதியவர்களோடு வருபவர்கள் அந்த நாளை விட்டுவிட்டுச் சாதாரண வாரநாளில் வாருங்கள், நெரிசல் கடுமை.

இந்த ராஜாவின் அர்ச்சகர்களான தீட்சிதர்கள்தான் மனித ராஜாக்களுக்கும் முடி சூட்டினார்கள். குறுநில மன்னரான கூற்றுவ நாயனார் தமக்கும் சூட்டச் சொன்னபோது, சோழர் குலத்துக்கன்றி மாட்டோம் என்று தில்லைவாழ் அந்தணர்கள் சேரநாட்டுக்கே கிளம்பிவிட்டார்கள் என்கிறது பெரியபுராணம். கடைசியில் நடராஜர் திருவடியையே முடியாகப் பெற்றார் நாயனார். வாளுக்குப் பணியாத அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். சோழ வழியினர் என்று சொல்லப்படும் பிச்சாவரம் ஜமீன் குடும்பத்துக்கும் தீட்சிதர்கள் இங்கே முடி சூட்டியிருக்கிறார்கள். சதுப்பு நிலக் காட்டில் படகு ஏறப் போகும் வழியில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயர் சிலையைத் தேடிப் பார்க்கலாம். கீழைக் கோபுர வாசலின் உட்சுவர்களில் நாட்டிய நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள், அவசரம் வேண்டாம்.

நைவேத்தியத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் உண்டு. சம்பா சாதத்துக்கு மிளகும் சீரகமும் நெய்யும் போதும். கொத்சுக்குத்தான் வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், புளி எல்லாம். வெளியே ஓட்டல்களில் இட்லிக்கும் இதே கொத்சு தருவார்கள், சாம்பார் கேட்காதீர்கள்.