ஐந்து கருப்பொருள்களுக்கு ஒரே ஊர் போதும்: தஞ்சாவூரை வைத்து ஒரு பாடத்திட்டம்

அமைவிடம், இடம், மனிதனும் சூழலும், நகர்வு, மண்டலம். புவியியலை இந்த ஐந்து கருப்பொருள்களாகப் பிரித்துச் சொல்லித்தரும் முறை 1984ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பள்ளி வழிகாட்டியிலிருந்து பரவியது. பிரிவு நல்லதுதான். ஆனால் அமைவிடத்துக்கு டெல்லி, நகர்வுக்கு சூயஸ் கால்வாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரைக் காட்டினால், பிள்ளைகள் ஐந்து வரையறைகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரே ஊரை எடுத்து ஐந்து கேள்விகளையும் அதனிடமே கேட்க வேண்டும். இங்கே தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புக்குச் சரியாக இருக்கும்.

முதலில் அமைவிடம். கைப்பேசி வரைபடத்தில் தஞ்சாவூரை அழுத்திப் பிடித்தால் 10.78, 79.13 என்பதுபோல் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. இதை மாற்றி எழுதுவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. திருத்திவிட்டு நகராமல், மாற்றிய எண்களையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் மேற்குக் கரையோரம் போய் நிற்கும். பிறகு வரிசை மறக்காது.

எண் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்ட ஒரு மீட்டர் குச்சி போதும். ஜூன் இரண்டாம் வாரம் ஏற்ற நேரம். சமதரையில் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நடுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் கண்ணால் பிடிக்க முயன்றால் தவறும். உச்சிக்குப் பத்து நிமிடம் முன்னும் பின்னும் நிழல் நீளம் அரை சென்டிமீட்டர்கூட மாறாது. அதனால் 11:30க்கு நிழல் நுனியைக் குறித்து, குச்சியின் அடியை மையமாக வைத்து அந்த நீளத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். உச்சி கடந்து நிழல் நுனி அந்த வட்டத்தை மறுபடி தொடும் நேரத்தைக் குறியுங்கள். ஏறக்குறைய 12:57 ஆகும். இரண்டுக்கும் நடுவே 12:13. இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, ஒரு பாகைக்கு 4 நிமிடம். தஞ்சாவூர் 3.37 பாகை மேற்கே இருப்பதால் சூரியன் 13 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது. இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். அன்றைய உச்சி நிழல் சுமார் 22 சென்டிமீட்டர், அதுவும் தெற்கே விழும். சூரியன் அப்போது தஞ்சாவூருக்கு வடக்கே, கடகரேகைப் பக்கம் இருப்பதுதான் காரணம்.

இடம் என்பது ஊரின் குணம். மண், மழை, பேச்சு, தொழில், கோயில், கடைத்தெரு எல்லாம் இதில் அடங்கும். இதைப் பிள்ளைகளே நிறைய சொல்வார்கள், அதிக நேரம் வேண்டாம். "அழகான ஊர்" போன்ற பதில்களை மட்டும் ஏற்காதீர்கள். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதைக் கேளுங்கள்.

மனிதனும் சூழலும் என்றதும் வகுப்பு முழுக்க "மாசு" என்று எழுதும். அதைத் தவிர்க்க மூன்று வினைகளைப் பலகையில் எழுதுங்கள்: சார்ந்திருத்தல், தகவமைத்தல், மாற்றியமைத்தல். காவிரி டெல்டாவின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. ஜூனில் தொடங்கும் குறுவை நெல் சாகுபடி அந்த மழைக்குக் காத்திருக்க முடியாது. குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை காவிரி வழியே மேட்டூரை நிரப்பினால்தான் உண்டு. இது சார்ந்திருத்தல். தண்ணீர் தாமதித்தால் குறுவையை விட்டுவிட்டு சம்பாவுக்குப் போவது தகவமைத்தல். 1934ல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய் மாற்றியமைத்தல். ஊர்க்காரர்கள் புதுஆறு என்று சொல்வது அதைத்தான்.

நகர்வில் பஸ்ஸும் ரயிலும் மட்டும் வந்தால் பாடம் மெலிந்துவிடும். வண்டல் சமவெளியில் கட்டுமானக் கல் கிடையாது. அப்படியானால் 1010ல் முடிந்த பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பிறகு தண்ணீர், வண்டல், நெல், வேலைக்குப் போகும் ஆட்கள், செய்தி என்று நீட்டலாம். அணை வண்டலைத் தடுத்துவிடுவதையும் இங்கே சேர்த்தால் முந்தைய கருப்பொருளோடு தானாகவே இணையும்.

மண்டலத்துக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் பாடநூல் வரைபடத்தின் கோட்டை இயற்கைக் கோடு என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். "டெல்டா எங்கே முடிகிறது?" என்று கேட்டு, ஒரே அடிவரைபடத்தின் மேல் மூன்று டிரேசிங் தாள்களைப் போடச் சொல்லுங்கள். ஒன்றில் வண்டல் மண் எல்லை, அடுத்ததில் காவிரிப் பாசன எல்லை, மூன்றாவதில் 2020ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் குறிப்பிட்ட பகுதிகள். மூன்றும் ஒத்துப்போகாது. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் போனாலே செம்மண் மேட்டுநிலம் வந்துவிடும். ஒரத்தநாடு வண்டல் எல்லைக்கு வெளியே, ஆனால் புதுஆற்றால் பாசன எல்லைக்கு உள்ளே. சட்டத்தின் கோடோ கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்களைச் சேர்த்துக்கொண்டு திருச்சியை விட்டுவிட்டது. எந்தக் கோடு சரி என்று கேட்காதீர்கள். எந்த நோக்கத்துக்கு எந்தக் கோடு என்று கேளுங்கள். கோடுகள் விலகும் இடங்களில் ஓர் ஊரைத் தேர்ந்து, அது ஏன் ஒரு தாளில் உள்ளே, மற்றதில் வெளியே என்று பத்து வரி எழுதச் சொன்னால் அதுவே மதிப்பீட்டுக்குப் போதும்.