அலுவலகத்தில் கருவாட்டு வாசனை

மதியம் அலுவலகச் சாப்பாட்டு அறையில் திடீரென்று கருவாட்டு வாசனை. அதுவும் கனடாவின் வடகோடி யெல்லோநைஃப் நகரில்! வெளியே மைனஸ் 30.

த்லிச்சோ பழங்குடியைச் சேர்ந்த சக ஊழியர் ஜிப் கவரைத் திறந்து ஒரு துண்டு நீட்டினார். ஏரி மீன். உப்பே இல்லை, புகை மட்டும். தோல் பக்கம் எண்ணெய் மினுமினுத்தது.

"சின்ன வயசுல இதுல கரிபூ கறிதான் இருக்கும்" என்றார்.

கரிபூ, வடக்கத்திப் பனி மான். இங்குள்ள பாத்தர்ஸ்ட் மந்தையில் 1986இல் சுமார் 4,70,000 இருந்தன. 2021இல் சுமார் 6,240. எழுத்துப்பிழை இல்லை.

பல வருடமாக இங்கே அந்த மந்தையை வேட்டையாட அனுமதி கிடையாது. அதனால் 2016 முதல் கோடையில் த்லிச்சோ பெரியவர்களும் வேட்டைக்காரர்களும் கொண்ட்வாய்டோ ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, தொலைநோக்கியோடு உட்கார்ந்து மான்களைப் பார்க்கிறார்கள். குட்டி தாயோடு போகிறதா, நொண்டுகிறதா, ஓநாய் பின்னால் வருகிறதா, எல்லாம் குறிப்பில் ஏறும்.

விமானத்தில் பறந்து எண்ணும் விஞ்ஞானிகளின் கணக்கும் இந்தக் குறிப்பும் ஒரே மேசைக்கு வருகின்றன. மான்களைப் பற்றி முடிவு சொல்லும் வாரியத்தில் பாதிப் பேரை த்லிச்சோ அரசே நியமிக்கிறது. கனடா அரசோடு போட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அப்படி. மேசையில் சரிபாதி இடம் கிடைத்த நேரம் பார்த்து மான் இல்லாமல் போனதுதான் கொடுமை.

மீன் கொடுத்த சக ஊழியரின் அப்பாவும் இரண்டு கோடை போய் உட்கார்ந்தவராம். "எத்தனை பார்த்தீங்க?" என்று கேட்டால் எண்ணே சொல்ல மாட்டாராம்.

"இந்த வருஷம் முதுகுல கொழுப்பு இருக்கு" என்பாராம். இல்லையென்றால், இல்லை என்பாராம். அவ்வளவுதான் அறிக்கை.

அப்புறம் நான் வெட்கத்தை விட்டு இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.