அப்பாவின் பிக்கப்புக்குக் கூலண்ட் மாற்றினேன்

தண்ணீர்த் திருவிழாவுக்கு மோல்மேன் போக வேண்டும், ஏப்ரல் வெயில் வேறு, அதனால் நேற்று யாங்கோனில் வீட்டு வாசலிலேயே அப்பாவின் பழைய டீசல் பிக்கப்புக்குக் கூலண்ட், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம், மாற்றிவிட்டேன். இரவு முழுக்க ஆறவிட்ட பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் அடித்திருகைத் தளர்த்தினால் வந்தது கூலண்டின் பச்சை நிறம் இல்லை, டீ டிகாக்‌ஷன் நிறத்தில் துருத்தண்ணீர், விரலில் தேய்த்தால் நறநறவென்று இருந்தது. இடையில் ஏதோ ஒரு பட்டறையில் குழாய்த் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார்கள் போல, மனசே ஆறவில்லை. கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்தும் நாளாக நாளாகத் தீர்ந்துபோகும், அப்புறம் துரு எஞ்சினை உள்ளுக்குள்ளேயே அரிக்கும்.

தெளிவாக வரும்வரை மூன்று முறை கழுவினேன். பிறகு கூலண்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், இந்தக் கலவை 106 வரை தாங்கும், மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் இன்னும் மேலே. மூடியைத் திறந்துவைத்தே எஞ்சினை ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன்.

பழையதைச் சாக்கடையில் மட்டும் விடாதீர்கள், தயவுசெய்து. அது இனிக்கும், தெருநாய் நக்கினால் செத்துவிடும். நான் கேனில் அடைத்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் ஒரு சுற்றுப் போனோம். எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி நடுவிலேயே நின்றது, அப்பா டேஷ்போர்டைத் தட்டிக்கொடுத்தார்.