கிராணி வீட்டுப் பேரேடு

ஜூலை 6, 2025, ஞாயிறு

இன்றும் காமிராவோடு சில பையன்கள் வந்து வழி கேட்டார்கள். மலேசியாவில் பினாங்கு மாநிலத்தில் இருக்கும் எங்கள் நிபோங் திபாலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவது ஒன்று கிரியான் ஆற்று மின்மினிகளைப் பார்க்க, இல்லையென்றால் 99 கதவு பங்களாவுக்கு. கலிடோனியா தோட்டத்தில் பாழடைந்து நிற்கும் அந்த வீட்டில்தான் 1948-இல் ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் என்ற துரையைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டது யார் என்று இன்றுவரை துலங்கவில்லை. அதே ஆண்டு ஜூனில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்துவிட்டது. கொலை மெல்ல மெல்லப் பேய்க்கதையாகிவிட்டது.

எதிர்வீட்டு ஆயா வாசலில் உட்கார்ந்திருந்தார். தொண்ணூறு வயது. அவரிடமும் மைக்கை நீட்டினார்கள்.

"ஒரு வெள்ளைக்காரன் செத்ததுக்கு இத்தனை வருசமா ஆள் மேல ஆள் வந்து கேக்குறீங்க. எங்கப்பன சயாமுக்கு யாரு அனுப்புனான்னு ஒரு பய கேக்கல."

சொல்லிவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குச் சிறுவயதிலிருந்தே பழக்கம். பொங்கல், தீபாவளிக்கு நாங்கள் கொடுத்தனுப்பும் தட்டை வாங்கிக்கொள்வார். ஆனால் வாய் வைக்க மாட்டார், எங்கள் வாசற்படியை மிதிக்கவும் மாட்டார். காரணம் கேட்டால் அம்மா பேச்சை மாற்றிவிடுவார்.

ஜூலை 9, புதன்

வீட்டில் சொல்லி வளர்த்த கதை இதுதான். அம்மாவின் தாத்தா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது ஆள் கணக்கு எழுதும் குமாஸ்தா. போரில் மலாயாவைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரன் சரணடைந்தது 1945 ஆகஸ்ட் 15. பிரிட்டிஷ் படை பினாங்கில் இறங்கியது செப்டம்பர் 3. நடுவில் கேட்பாரில்லாத நாட்கள். காட்டிலிருந்து வந்த பிந்தாங் திகாக்காரர்கள், அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள், ஜப்பான்காரனுக்கு வேலை செய்தவர்களைப் பல ஊர்களில் இழுத்துப்போய்க் கொன்றார்கள். கிராணித் தாத்தாவையும் அப்படித்தான் ஒரு ராத்திரி கொண்டுபோனார்கள் என்பார்கள். உடல் கிடைக்கவில்லை.

கிராணித் தாத்தா எழுதிய செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பேரேடு, சுங்கை பாக்காப்பில் மாமாவிடம் இருக்கிறது. போன் பண்ணினேன்.

"அதை வச்சு நீ என்ன பண்ணப் போற?"

"சும்மா பார்க்கணும் மாமா."

"சும்மா பார்க்கிற சாமானா அது?" என்றார். அப்புறம் சனிக்கிழமை வரச் சொன்னார்.

ஜூலை 12, சனி

பேரேடு என் மேசையில் இருக்கிறது. கரப்பான் அரித்த துணி அட்டை. இடப்பக்கம் ஆட்களின் பெயர்கள், வலப்பக்கம் நாளுக்கு ஒரு கட்டம். வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு கோடு. 1943-இன் தொடக்கத்திலிருந்து சில பெயர்களுக்கு நேராகச் சிவப்புப் பென்சிலில் 'சயாம்' என்று எழுதியிருக்கிறது. அதன் பிறகு அந்த வரிசையில் எல்லாக் கட்டமும் வெறுமை. பக்கத்தைத் திருப்பத் திருப்ப வெறும் கட்டங்கள் கூடிக்கொண்டே போகின்றன. கடைசி மாதங்களில் பெண்களும் சிறுவர்களும் மட்டும்தான் பால் வெட்டியிருக்கிறார்கள்.

சயாம் என்றால் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில். 415 கிலோமீட்டர் பாதை, இன்றைய தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசாயாட் வரை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். முதலில் நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராததும் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டார்கள். இலவசப் படம் என்று கூட்டி, அப்படியே லாரியில் ஏற்றியதும் உண்டு. காலராவிலும் பசியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் நம் தமிழர்கள் எத்தனை ஆயிரம்! அந்தப் பாதையோரக் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களின் பெயர் எங்கேயாவது இருந்தால், இப்படி ஏதாவது ஒரு செக்ரோலில்தான் இருக்கும்.

நடுவில் ஒரு பக்கம் இல்லை. தையலோரம் மேலிருந்து கீழாகக் கோணலாகக் கிழிந்திருக்கிறது. அவசரத்தில் ஒரே இழுப்பாக இழுத்தது மாதிரி.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. கோயிலில் கூழ் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஆயா கூப்பிட்டார்.

"அந்தப் பேரேடு உங்கிட்ட இருக்காமே?"

இந்த ஊரில் எதுவும் தங்காது. ஆமாம் என்றேன். கொண்டுவரச் சொன்னார். போய் எடுத்து வந்தபோது மாரியம்மன் படத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். பின்னட்டைக்குள் மடித்த தாள். கிழிந்த ஓரத்தைப் பேரேட்டின் தையலோரத்தில் வைத்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல் பொருந்தியது.

சயாமுக்கு அனுப்ப வேண்டிய ஆட்களின் பட்டியல் அது. யாரோ சரியாக எழுத வராதவர் எழுதிய கோணல் எழுத்து. ஐந்தாவது பெயர் என் தாத்தா, அதாவது கிராணியின் மகன். அதன் மேல் கோடு. பக்கத்தில் வேறொரு பெயர், சாய்வான அழகான கையெழுத்தில். பேரேடு முழுக்க ஓடுகிற அதே கையெழுத்து.

"எங்கப்பன் பேரு" என்றார் ஆயா.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவரே பேசினார்.

"பிந்தாங் திகாவா? எங்க தோட்டத்துக்கு ஒருத்தனும் வரல. அன்னிக்கு ராத்திரி கிராணி வீட்டுக்குப் போனது எங்காத்தாவும் சயாமுக்குப் புருசன விட்ட பொம்பளைங்களும்தான். பால் வெட்டுற கத்தியோட போனாங்க. எங்காத்தாவுக்குப் படிக்கத் தெரியாது, புருசன் பேரு மட்டும் அடையாளம் தெரியும். மேசையிலேயே பார்த்துக் கிழிச்சுட்டு வந்தா. விடிஞ்சு பார்த்தா ஆளுங்க குடியிருந்த பழைய லயத்துக் கெணத்துல மண்ணு ரொம்பிக் கெடந்துச்சு. நான் பார்த்தது மண்ண மட்டும்தான் கண்ணு. எனக்கு அப்பப் பத்து வயசு."

இத்தனை வருடம் விட்டு இப்போது ஏன் என்று கேட்டேன்.

"எனக்கப்புறம் தெரிஞ்ச ஆளு கெடையாது. என் பேத்திகிட்டச் சொன்னா அவ உங்க வீட்டை இன்னும் வெறுப்பா. உங்க பாட்டன் பேரும் இதுலதான இருக்கு. நீயே வச்சுக்க."

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. ஆள் கொடுக்க மாட்டேன் என்றால் கிராணியின் தலையே போயிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் ஐந்தாவது வரியில் எந்தப் பெயரை அடித்து எந்தப் பெயரை எழுதுவது என்று ஜப்பான்காரன் சொல்லவில்லை. தாத்தா பிழைத்தார், அம்மா பிறந்தார், நான் இருக்கிறேன். ஆயாவின் அப்பா திரும்பவில்லை. அந்தப் பெண்கள் செய்தது கொலை. கணவனைப் பறிகொடுத்துவிட்டு, மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அவர்கள் வேறு எந்தக் கோர்ட்டுக்குப் போயிருப்பார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. இரண்டையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மாமாவிடம் பக்கத்தின் படத்தைக் காட்டினேன். முகம் இறுகிவிட்டது. "இதை வெளியில போட்டா நம்ம குடும்பத்துக்கு என்ன மரியாதை?" என்றார். பேரேட்டைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பா செத்த தேதி தெரியாததால் ஆயா ஒவ்வொரு வருடமும் இன்றுதான் விரதம் இருக்கிறார். நானும் கூடப் போனேன். ஐயரிடம் ஆயா தன் அப்பா பெயரைச் சொன்னார். அடுத்து நான் கிராணித் தாத்தாவின் பெயரைச் சொன்னேன். ஆயா தடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. தூணோரம் நின்ற மாமா பாதியிலேயே கிளம்பிப் போய்விட்டார்.

ராத்திரி பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். அப்புறம் கேட்டார்.

"அந்தக் கெணறு எந்தப் பக்கம்னு ஆயா சொன்னாங்களா?"

"இல்ல மாமா. பழைய லயம்னு மட்டும்தான்."

"லயத்துக்குப் பின்னால, வாய்க்கால் ஓரம். இப்ப செம்பனை நட்டிருக்கான். சாகுறதுக்கு முன்னால உன் தாத்தா என்னைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாரு."

தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. பட்டியலும் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். எல்லாம் தெரியும்" என்றார். "சனிக்கிழமை காலையில ஏழு மணிக்கு வரேன். பூட்ஸ் போட்டுக்க, அங்க பாம்பு ஜாஸ்தி. ஆயாவால நடக்க முடியும்னா அவங்களையும் கேளு."