பூதத்துக்கும் ஒரு திணை வேண்டும்

ஒரு பூதம் கடலிலிருந்து எழும்பி வருகிறது என்று எழுதுகிறீர்கள். அது ஏன் காட்டிலிருந்து வரவில்லை என்று ஒருவர் கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. அப்படியென்றால் கதையை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பது நல்லது. பல்லும் நகமும் பிறகு வரையலாம். முதலில் அதற்கு ஊர் வேண்டும்.

இதற்கு நம்மிடமே ஒரு முறை இருக்கிறது: தொல்காப்பியம் சொல்லும் முதல், கரு, உரி. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு என்பது அந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். உரி என்பது அந்த நிலத்தின் மனநிலை. பரீட்சைக்காகப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிறோம். அரக்கர் கதைகளை எடைபோட இதைவிடக் கூர்மையான கருவியை நான் கண்டதில்லை.

இதில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். பால் திரிவது போல நிலமும் திரியும். நல்ல பூதங்கள் எல்லாம் அப்படித் திரிந்த நிலத்தின் பிள்ளைகள். வில்லன் என்பவன் வேறு, அவன்தான் நிலத்தைத் திரியவைத்தவன். இருவரையும் ஒரே உடலுக்குள் போட்டு அடைக்கிற கதை பெரும்பாலும் கெட்டுப்போகிறது.

யப்பானியப் பூதப் படமான கொட்ஸில்லாவை எடுங்கள். 1954 மார்ச் 1ஆம் திகதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. அதன் சாம்பல் ஒரு யப்பானிய சூரை மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. படகில் இருந்த 23 பேரும் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், வானொலி இயக்குநர் செப்டெம்பரில் இறந்துபோனார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி படம் வெளிவந்தது. படத்தின் தொடக்கமே ஒரு கப்பல், கடலில் ஒரு வெளிச்சம், எரிகிற நீர். பார்க்கப் போன சனத்துக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. நிலம் கடல், அதாவது நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். படத்தின் முடிவிலும் வெற்றிக் களிப்பைவிடத் துக்கம்தான் மேலோங்கி நிற்கிறது. இயக்குநர் இஷிரோ ஹொண்டாவுக்கு நம் திணை தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

அந்தப் பூதத்தின் உயரம் 50 மீற்றர். அன்றைய தோக்கியோவில் அதைவிட உயர்ந்த கட்டடங்கள் அரிது என்பதால் அது போதுமாயிருந்தது. 1984இல் எடுத்தபோது 80 மீற்றராக்கினார்கள், 1991இல் 100 மீற்றர். நகரம் வளர வளரப் பூதமும் வளரவேண்டியிருந்தது. கொழும்புக்கும் இதே கணக்குத்தான். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ஒரு 10 மாடித் தொடர்மாடி 30, 35 மீற்றர் வரும். அங்கே 50 மீற்றர்ப் பூதம் கூரைக்கு மேலால் எட்டிப்பார்க்கும். அதையே கொழும்புக் கோட்டைப் பகுதிக்குக் கொண்டுபோனால் 152 மீற்றர் உயர இரட்டைக் கோபுரங்களுக்கு முன் அது மூன்றில் ஒரு பங்கு. சுமார் 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் நாய்க்குட்டி. ஆகவே எந்தத் தெரு என்று தீர்மானித்த பிறகே உயரத்தை எழுதுங்கள்.

இனிக் கரு. கொழும்புக்கு வேற்று நாட்டு டிராகன் தேவையில்லை, கபரகொய்யா என்கிற நீர் உடும்பு இருக்கிறது. வெள்ளவத்தை வாய்க்கால் ஓரத்தில் அது ஏறி வருவதைக் கிட்ட நின்று கவனியுங்கள். கருத்த உடம்பில் மஞ்சள் புள்ளிகள் வரிவரியாக இருக்கும். ஓர் அடி வைக்கும், நிற்கும், பிளந்த நாக்கை நீட்டி இழுக்கும். நாக்கின் இரண்டு நுனியிலும் ஒட்டுகிற மணத்தில் எது கூட என்று பார்த்துத்தான் இடமா வலமா என்று முடிவெடுக்கும். நடக்கும்போது உடம்பு பாம்பு போல இருபக்கமும் வளையும். அந்த வளைவு நுரையீரலை நெரிப்பதால் ஓடிக்கொண்டே மூச்சு வாங்குவது பல்லி இனத்துக்குக் கடினம். உடும்பு வகை மட்டும் தொண்டைப் பையை ஊதி ஊதிக் காற்றை உள்ளே தள்ளும். தண்ணீரில் இறங்கினால் நான்கு கால்களையும் உடம்போடு ஒட்டிவைத்துவிட்டு வாலால் மட்டும் நீந்தும். பாய்வதற்கு முன் தொண்டை வீங்க வேண்டும், நீந்தும்போது கால் அசையக் கூடாது. இந்த இரண்டையும் எழுதிவிட்டால் வாசகருக்கு அது உயிருள்ள மிருகமாகிவிடும்.

பெருப்பிக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். 2 மீற்றர் நீளமும் 20 கிலோ எடையும் உள்ள ஒன்றை 50 மீற்றராக்குவதென்றால் 25 மடங்கு. எடை மூன்று திசையிலும் பெருகும்: 25×25×25, அதாவது 15,625 மடங்கு. 20 கிலோ 312 தொன்னுக்கு மேல் போகும். கால் எலும்பின் குறுக்குப் பரப்பு இரண்டு திசையில்தான் பெருகும்: 625 மடங்கு. எலும்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் முன்பைவிட 25 மடங்கு பாரம். பக்கவாட்டில் விரித்த கால்களோடு அது ஓர் அடிகூட வைக்காது, முழங்கால் உடைந்துவிடும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. யானை போலக் கால்களை உடம்புக்கு நேர் கீழே தூணாக நிறுத்தலாம். பாரத்தைத் தாங்கத் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கலாம். 8 மீற்றரோடு நிறுத்திவிடலாம். கடைசி வழிதான் எனக்குப் பிடித்தது. ஒடுங்கிய ஒழுங்கைக்குள் 8 மீற்றர்க் கபரகொய்யா வருவது 50 மீற்றர் எதையும்விடப் பயங்கரம், ஏனென்றால் அது வாசற்கதவுக்குப் பொருந்துகிற அளவு.

படம் எடுக்க நினைப்பவர்களுக்கும் இந்த 25 முக்கியம். 1954இல் விசேட காட்சிகளைப் பார்த்துக்கொண்ட எய்ஜி சுபுராயா, ஆளை உடைக்குள் நிறுத்தி, 25இல் ஒரு பங்கு அளவில் நகரத்தைக் கட்டினார். முதலில் செய்த உடை நடக்கவே முடியாத அளவுக்கு விறைத்துப்போனது. அதை வெட்டித் துண்டுக் காட்சிகளுக்குப் பயன்படுத்தினார்கள். உள்ளே நின்றவர்களில் முக்கியமானவர் ஹருவோ நகஜிமா. 50 மீற்றரிலிருந்து ஒரு கல் விழ 3.2 வினாடி எடுக்கும். 2 மீற்றரிலிருந்து 0.64 வினாடி. ஐந்து மடங்கு வித்தியாசம், 25இன் வர்க்கமூலம். ஆகவே வினாடிக்கு 24 சட்டகத்தில் காட்டப்போகும் காட்சியை 120 சட்டகத்தில் பிடிக்க வேண்டும், வெளிச்சமும் ஐந்து மடங்கு கொடுக்க வேண்டும். இன்றைய கைத்தொலைபேசிகள் பலவற்றில் 120 இருக்கிறது, இரவில் மட்டும் படம் இருண்டு புள்ளி விழும், பகலில் எடுங்கள். தண்ணீரைச் சின்னதாக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 5 மில்லிமீற்றர்த் துளி அந்த அளவில் 12.5 சென்ரிமீற்றர்க் கட்டியாகத் தெரியும். வாளியில் எடுத்த கடல் எப்போதும் வாளிக் கடல்தான்.

உணவை மறக்கிறவர்கள் அதிகம். பூதம் எதைத் தின்கிறது என்று தெரிந்தால் அது எங்கே போகும், எப்படிச் சாகும் என்பதும் தெரிந்துவிடும். இதற்கு ஆகச் சிறந்த உதாரணம் 1971இன் கொட்ஸில்லா படத்தில் வந்த ஹெடோரா என்ற பூதம். ஹெடோரோ என்றால் யப்பானிய மொழியில் அடிச்சேறு, கழிவுச்சேறு. அது வாற்பேத்தை போலக் கடலில் தொடங்கும், பிறகு தரையேறும், பிறகு பறக்கும். ஆலைப் புகைபோக்கியில் வாய் வைத்துப் புகையை இழுக்கும். உடம்பு முழுக்க ஈரச் சேறு என்பதால் காயவைத்தால்தான் சாகும். பெரிய மின்வாய்களை நட்டு உலர்த்துகிறார்கள். பலவீனம் வெளியிலிருந்து வந்த மந்திரவாளாக இல்லை, அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளித் துப்பாக்கி ரவையைத் தேடும் முன் உங்கள் பூதத்தின் சாப்பாட்டைப் பாருங்கள்.

கொழும்பில் ஹெடோராவை நினைத்தால் மீதொட்டமுல்ல நினைவுக்கு வராமல் இருக்காது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்தக் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சதுப்பான இளகிய நிலத்தின் மேல் வருடக்கணக்காகப் பாரம் ஏற்றினால், மழைநீர் ஊறி, அடிமண் தாங்காமல் பக்கவாட்டில் வழுக்கும். அதை அப்படியே ஒரு குப்பைப் பூதமாக்கிக் கர்ச்சிக்க விடுவதை நான் விரும்பவில்லை. கீழே வீடு இருந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுதத்தான் வேண்டுமென்றால் பூதத்தை அசையாமல் வையுங்கள். அது வளரட்டும், அவ்வளவுதான். சுவர் வெடிப்பு, சாய்ந்த மின்கம்பம், மூடமுடியாமல் போன ஒரு கதவு.

கடல் பக்கம் 2021 மே மாதம் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் இருக்கிறது. மேற்குக் கரை முழுக்க ஒதுங்கிய பிளாஸ்ரிக் மணிகள் உளுத்தம்பருப்பை விடச் சின்னவை, வெள்ளை. எரிந்தவை சாம்பலும் மண்ணிறமுமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபட்டவை. பொலித்தீன் வகை கடல்நீரைவிட இலேசு, அதனால் மிதக்கும். இதில் பிறக்கும் பூதம் ஆழ்கடலில் ஒளிந்திருக்க முடியாது. அலை கடைசியாகத் தொட்டுவிட்டுப் போன கோட்டில்தான் கிடக்கும்.

இப்போது வில்லன். இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை, அவனைச் சிரிக்கவைப்பது. ‘பிரின்ஸஸ் மொனோனோகே’யில் காட்டை அழிக்கும் எபோஷியைப் பாருங்கள். இரும்புலை நடத்துகிறாள், அவள் தரப்பின் இரும்புக் குண்டு பாய்ந்த காட்டுப்பன்றித் தெய்வம் நோவிலும் வெறுப்பிலும் திரிந்து அரக்கனாகிறது. அதே எபோஷிதான் விற்கப்பட்ட பெண்களை மீட்டு வேலை கொடுக்கிறாள், தொழுநோயாளரைத் தன் கையால் பராமரிக்கிறாள். அவளை வெறுக்கவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. 1997இல் வந்த படம், வில்லன் எழுதுகிறவர்களுக்கு இன்றும் பாடப்புத்தகம்.

நம் ஊர் வில்லனுக்கு ஒரு கணக்கு போதும். 10 பேர்ச் சதுப்புக் காணி, 2,722 சதுர அடி. அதை 5 அடிக்கு நிரப்பினால் ஏறத்தாழ 13,600 கன அடி மண், 136 கியூப். ஒரு ரிப்பர் லொறியில் 3 கியூப் என்றால் 45 லோட். மழைக்காலத்தில் அங்கே தேங்கி நின்றிருக்கக் கூடிய தண்ணீர் 385,000 லீற்றர் வரை. 1,000 லீற்றர்த் தாங்கிகள் 385ஐ அடுத்த ஒழுங்கைக்குள் கவிழ்த்துவிட்ட மாதிரி. செய்தவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. மகளின் கலியாணத்துக்கு ஒரு வீடு கட்ட நினைத்த தகப்பனாகவே இருக்கட்டும். லொறிகள் இரவில் வரும், முதலில் சுற்றுமதில் எழும்பும், முதல் மழைக்கு ஒன்றும் நடக்காது. இரண்டாம் பருவத்தில் எதிர்வீட்டுக் குளியலறைத் துவாரத்தால் தண்ணீர் மேலே வரும். கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்றது. அதே நகரத்துக் கதை இது. 2016 மே களனி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டியதில்லை.

மிருகத்தையே வில்லனாக்கினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1975இன் ‘ஜோஸ்’ என்ற சுறாப் படத்தில் இயந்திரச் சுறா உப்புத்தண்ணீரில் அடிக்கடி பழுதாகி, காட்ட முடியாமல் போனதாலேயே பயம் கூடியது. கலைக்கு அது இலாபம். ஆனால் மூல நாவலை எழுதிய பீற்றர் பெஞ்ச்லி பிற்காலத்தில் சுறாக்களின் பாதுகாப்புக்காகவே பேசித்திரிய வேண்டி வந்தது. நம் முதலைக்கும் கபரகொய்யாவுக்கும் அந்த நிலை வேண்டாம்.

மிச்சம் இருப்பது பறை, பூதத்தின் ஒலி. கொட்ஸில்லாவின் குரல் எந்த மிருகத்தினதும் அல்ல. இசையமைப்பாளர் அகிர இஃபுகுபே டபுள் பேஸ் வாத்தியத்தின் நரம்பைத் தளர்த்தி, பிசின் பூசிய தோல் கையுறையால் உரசி எழுப்பினார், பதிவின் வேகத்தை மாற்றினார்கள். கணினியில் கிடைக்கும் சிங்கக் கர்ச்சனையை எடுத்து ஒட்டாதீர்கள். அத்திடிய சதுப்பிலோ முத்துராஜவெலவிலோ கதை நடந்தால் அங்கேயே ஒலி இருக்கிறது. மழை விட்ட இரவில் தவளைகள் ஒன்றாய்க் கத்திக்கொண்டிருக்கும். பாரமான ஏதாவது கிட்ட வந்தால் அந்த இடத்துத் தவளை மட்டும் நிறுத்தும். பூதத்தைக் காட்டாதீர்கள். மதில் ஓரத்துத் தவளைகள் முதலில் அடங்கட்டும், பிறகு வாய்க்கால் ஓரம், பிறகு புதிதாய் நிரப்பிய காணியின் இந்தப் பக்கம், பிறகு யன்னலுக்குக் கீழே.