பெருமந்தமும் நியூ டீலும்: மெயின்ஸ் விடையில் மதிப்பெண் நழுவும் இடங்கள்

2013 யூ.பி.எஸ்.சி. மெயின்ஸ் பொது அறிவு முதல் தாளில், 1929-ல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்தைக் கட்டுப்படுத்தக் கையாண்ட கொள்கைக் கருவிகள் எவை என்று நேராகவே கேட்டார்கள். கேட்டது கருவிகளை. ஆனால் இந்தத் தலைப்பைத் தொட்டாலே நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த வால் ஸ்ட்ரீட் கதைதான் கைக்கு வரும்; பாதிப் பக்கம் அதிலேயே போய்விடும்.

1929 அக்டோபர் 24, 29 ஆகிய இரு தேதிகளுக்கும் ஒரு வரி போதும். சந்தைச் சரிவு எப்படிப் பெருமந்தமாக முற்றியது என்பதுதான் எழுத வேண்டிய சங்கதி. முதல் உலகப் போரின் முடிவில் கோதுமை ஒரு புஷல் (தானிய அளவு) 2 டாலருக்கு மேல் விற்றது. அந்த விலையை நம்பி விவசாயிகள் கடனில் நிலமும் டிராக்டரும் வாங்கினார்கள். 1932-ல் அதே புஷலுக்கு 40 சென்ட்கூடக் கிடைக்கவில்லை. கடன் திரும்பாமல் சிற்றூர் வங்கிகள் சாய்ந்தன. வைப்புத்தொகைக்குக் காப்பீடு கிடையாது என்பதால் நல்ல வங்கியின் வாசலிலும் பணத்தை எடுக்கக் கூட்டம் கூடியது. 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் மூடப்பட்டன. பணப்புழக்கம் வற்றி, ஆலைகள் நின்று, 1933-ல் நான்கு தொழிலாளரில் ஒருவருக்கு வேலையில்லை. இந்தச் சங்கிலியை நான்கு வரியில் எழுதப் பழகுங்கள்.

‘அப்போதைய அமெரிக்க அதிபர் ஹூவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்’ என்று எழுதாதீர்கள். வங்கிகளுக்கும் ரயில் நிறுவனங்களுக்கும் கடன் கொடுக்க 1932-ல் மறுசீரமைப்பு நிதிக் கழகத்தை அமைத்தவர் அவர். தனிமனிதருக்கு நேரடி நிவாரணம் தர மட்டும் கடைசிவரை தயங்கினார். 1930-ல் இறக்குமதி வரியை உயர்த்திய ஸ்மூட்–ஹாலி சுங்கவரிச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே.

ஹூவருக்கு அடுத்து வந்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் மீட்புத் திட்டமே நியூ டீல். அதன் சட்டங்களைப் பெயர்ச்சுருக்கப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வறையில் குழம்பும். எந்த ஓட்டையை அடைக்க எது வந்தது என்று சேர்த்துப் படியுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க ஓடும் வங்கி ஓட்டத்துக்கு 1933-ன் வைப்புக் காப்பீடு, தொடக்கத்தில் 2,500 டாலர் வரை. விளைபொருள் விலைக்கு, சாகுபடியைக் குறைப்பவருக்குப் பணம் தந்த வேளாண் சட்டம். வேலையற்ற இளைஞருக்குக் காடு வளர்ப்புப் படை: மாதம் 30 டாலர் கூலி, அதில் 25 வீட்டுக்கு. 1935-ல் போக்கு மாறுகிறது. வாக்னர் சட்டம் தொழிற்சங்க உரிமையையும், சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தையும் தந்தன. 1933-ஐ அவசர சிகிச்சை என்றும் 1935-ஐ நிரந்தர ஏற்பாடு என்றும் பிரித்துக் காட்டினாலே விடையின் தரம் ஏறும்.

பலரும் தாண்டிப் போகும் பகுதி உச்ச நீதிமன்றம். 1935-ல் ஷெக்டர் வழக்கில், தொழில்துறைக்கு விலை, கூலி விதிகளை வகுத்த தொழில் மீட்புச் சட்டமும், 1936-ல் பட்லர் வழக்கில் வேளாண் சட்டமும் செல்லாமல் போயின. நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்ட 1937-ல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டம், சொந்தக் கட்சியே எதிர்த்ததால் தோற்றது. ஆனால் அதே ஆண்டில் நீதிமன்றம் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தையும் வாக்னர் சட்டத்தையும் ஏற்றது. அரசியலமைப்பில் ஒரு எழுத்தும் மாறாமல் மத்திய அரசின் கை நீண்டது இப்படித்தான். ஆப்ஷனலில் வரலாறு எடுத்தவர்கள் இதை விடவே கூடாது.

‘நியூ டீல் பெருமந்தத்தை முடித்தது’ என்ற வாக்கியம் மதிப்பெண்ணைக் காவு வாங்கும். 1937-ல் செலவைச் சுருக்கியதும் பொருளாதாரம் மறுபடி சரிந்தது. வேலையின்மை சுமார் 1 சதவீதத்துக்கு இறங்கியது 1944-ல், போர் உற்பத்தியால். ரூஸ்வெல்ட் ஆட்சியின் குறைகளுக்கு இரண்டு போதும்: சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலையாட்களையும் விட்டுவிட்டது (கறுப்பினத்தவர் பெருமளவில் இருந்த வேலைகள் அவை); 1942-ன் 9066-ஆம் ஆணையால் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர்.

250 சொல் விடையில் காரணத்துக்கு 60, கருவிகளுக்கு 130, குறைகளுக்கு 60 என்று பிரிக்கலாம். ஆண்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்: ரூஸ்வெல்ட் வென்றது 1932 நவம்பர், பதவியேற்றது 1933 மார்ச் 4. நியூ டீல் சட்டம் எதற்கும் 1932 என்று போட்டால் தவறு.